ஒரு நாற்று, எத்தனை தூர்?

நெல் வயலைப் பார்க்காத மாணவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். பேருந்தில் போகும்போது சன்னலுக்கு வெளியே பச்சைப் பாய் விரித்தாற்போல் அது தெரியும். ஆனால் வரப்பில் உட்கார்ந்து, ஒரே ஒரு குத்தில் எத்தனை தூர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். ஒரு வயலில் குத்துக்கு எட்டுத் தூர் இருக்கும். பக்கத்து வயலில் அதே நெல் ரகம், அதே மண், அதே வெயில். ஆனால் குத்துக்கு முப்பது தூர் இருக்கும்.

விதை ஒன்று, மண் ஒன்று. வேறுபாடு எங்கிருந்து வந்தது? உழவர் செய்த வேலையிலிருந்துதான். எந்த வயதில் நாற்றைப் பறித்தார், எவ்வளவு நெருக்கி நட்டார், எவ்வளவு தண்ணீர் நிறுத்தினார், எப்போது களை எடுத்தார் என்பவை செடியின் உடலையே மாற்றிவிடுகின்றன. எப்படி மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இலைக் கக்கத்தில் ஒரு மொட்டு

நெற்செடியின் தண்டில் கணுக்கள் உண்டு. ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை. அந்த இலை தண்டோடு சேரும் கக்கத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு மொட்டு உறங்கிக் கொண்டிருக்கும். அடிக்கணுக்களில் உள்ள இந்த மொட்டு விழித்தெழுந்து வளர்ந்தால் அதுவே ஒரு புதிய தூர். அந்தத் தூருக்கும் கணு, இலை, மொட்டு எல்லாம் உண்டு. ஆகவே அதுவும் தன் பங்குக்குத் தூர் விடும். பிள்ளைத் தூர், பேரப் பிள்ளைத் தூர் என்று குடும்பம் பெருகும். ஒவ்வொரு தூரும் தனக்கென வேரும் விடும். பின்னர் அதிலிருந்து ஒரு கதிர் வரலாம், வராமலும் போகலாம்.

மொட்டு எப்போது விழிக்கும்? இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கண்டவர் ஜப்பானிய அறிஞர் கதயாமா. அவருடைய ஆய்வு நூல் 1951-இல் வெளிவந்தது. அவர் கண்ட விதி இது: தாய்த்தண்டில் நான்காவது இலை வெளிவரும் அதே வேளையில், முதல் இலையின் கக்கத்திலிருந்து தூர் எட்டிப் பார்க்கும். ஐந்தாவது இலை வரும்போது இரண்டாவது இலையின் கக்கத்திலிருந்து அடுத்த தூர். எப்போதும் மூன்று இலை பின்தங்கி ஒரு தூர்! செடி தனக்குள் ஒரு கடிகாரம் வைத்திருப்பது போலத்தான்.

ஓர் இலை தோன்றியதிலிருந்து அடுத்த இலை தோன்றும் வரை உள்ள காலத்தைத் தாவரவியலார் ஃபில்லோகிரான் என்பர். நாம் அதை இலையிடைக்காலம் என்று சொல்லிக் கொள்வோம். இதுதான் அந்தக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு. ஒன்று முதல் மூன்று துடிப்பு வரை செடி ஒற்றைத் தண்டுதான். நான்காவது துடிப்பில் தாயோடு சேர்த்து 2, பிறகு 3, 5, 8, 13, 21 என்று பெருகும்.

இந்த எண்களைக் கணக்கு வகுப்பில் எங்கோ பார்த்தது போல் இருக்கிறதல்லவா? ஆம், முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் ஃபிபொனாச்சி வரிசைதான் இது. காரணமும் எளிது. புதிதாகப் பிறந்த தூர் உடனே பிள்ளை பெறுவதில்லை. இரண்டு துடிப்புகள் காத்திருந்த பிறகே பெறுகிறது. இவ்வாறே போனால் பத்தாவது துடிப்பில் 34 வர வேண்டும். உண்மையில் செடிக்குள் இடநெருக்கடி ஏற்படுவதால் சற்றுக் குறையும். பன்னிரண்டாவது துடிப்பில் 89-க்குப் பதில் சுமார் 84 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வட்டிக்கு வட்டி

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். வெப்பமும் வெளிச்சமும் ஊட்டமும் நன்றாக இருந்தால் ஒரு துடிப்புக்கு ஐந்து நாள் ஆகும் என்று கொள்வோம். அறுபது நாளில் பன்னிரண்டு துடிப்புகள். தூர்கள் 84.

அதே செடி நெருக்கடியிலும் நிழலிலும் வாடுகிறது, துடிப்பு ஒன்றுக்கு ஏழரை நாள் ஆகிறது என்று கொள்வோம். அறுபது நாளில் எட்டே துடிப்புகள். தூர்கள் எத்தனை? வெறும் 13!

துடிப்பின் நீளம் ஒன்றரை மடங்குதான் கூடியது; தூர்களோ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்ற கணக்கு இது. தொடக்கத்தில் சில நாள் தவறவிட்டால் பின்னால் அதை ஈடுகட்ட முடியாது. ஏனென்றால் கதிர் உருவாகத் தொடங்கும் நாளோடு தூர் விடும் பருவம் ஏறத்தாழ முடிந்துவிடும். நூற்றுப் பத்து நாளில் விளையும் குறுகிய கால ரகங்களுக்குப் பன்னிரண்டு துடிப்பு வரை அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே 84 என்பது வயலில் சாதாரணமாகக் காணக்கூடிய எண் அன்று. செடியின் உள்ளே மறைந்திருக்கும் ஆற்றலைக் காட்டும் எண்.

நாற்றின் வயது

வழக்கமான நடவில் குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள், மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள் வயதுள்ள நாற்றை நடுவார்கள். ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானால் நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப்போவதும் உண்டு.

நாற்றங்காலில் என்ன நடக்கிறது? விதை நெருக்கமாகத் தூவப்பட்டிருப்பதால் செடிக்குச் செடி போட்டி. நான்காவது இலை வரும் நேரத்தில் முதல் மொட்டு விழிக்க வேண்டும். ஆனால் வெளிச்சமும் ஊட்டமும் போதாததால் விழிப்பதில்லை. முறை தவறிய மொட்டு பெரும்பாலும் பிறகு விழிப்பதே இல்லை. அடுத்த மொட்டின் முறையும் அப்படியே கழிகிறது. பிறகு நாற்றைப் பிடுங்கும்போது வேர்கள் அறுகின்றன. வயலில் நட்டதும் நாற்று மஞ்சளித்துச் சோர்ந்து, புது வேர் விட்டு, பச்சை பிடிக்கச் சில நாள் ஆகிறது. அந்த நாள்களிலும் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடும்.

சுமார் பதினான்கு நாள் வயதுள்ள நாற்றைப் பறித்து நட்டால் என்ன ஆகும்? அதற்கு மூன்று இலை இருக்கும்; தூர் விடும் பருவம் இன்னும் தொடங்கியிருக்காது. வேர் சிறிது, எனவே காயமும் சிறிது. அடியில் ஒட்டியிருக்கும் விதையில் மிச்ச மாவுப்பொருள் இருந்தால் அதுவும் கைகொடுக்கும். நாற்று விரைவில் வேர் பிடித்து, முதல் மொட்டிலிருந்தே தூர் விடத் தொடங்கும்.

நடும் ஆழமும் முக்கியம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டால் போதும். ஆழப் புதைத்தால் தூர் விடும் கணு சேற்றுக்குள் மூழ்கிவிடும். செடி முதலில் தன் கணுவை மேலே கொண்டுவரப் பாடுபட வேண்டும். அதற்குள் துடிப்பு ஒன்று இரண்டு கழிந்துவிடும்.

பக்கத்தில் ஆள் இருப்பதைச் செடி அறியுமா?

அறியும். கண் இல்லாமலே அறியும். சூரிய ஒளியில் உள்ள சிவப்பு ஒளியை இலையின் பச்சையம் உறிஞ்சிக் கொள்கிறது. அதற்கும் அப்பாற்பட்ட தொலைசிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆகவே இன்னொரு செடியின் மீது பட்டு வரும் ஒளியில் சிவப்பு குறைந்தும் தொலைசிவப்பு மிகுந்தும் இருக்கும். செடியில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி இந்த விகிதத்தை உணர்கிறது. "பக்கத்தில் போட்டி இருக்கிறது, பக்கவாட்டில் பரவாதே, மேலே போ" என்று செடிக்குள் ஆணை பிறக்கிறது. செடி உயர்கிறது, மொட்டுகள் உறங்குகின்றன. நெருக்கி நட்ட பயிர் ஒல்லியாக உயர்ந்து நிற்பது இதனால்தான்.

மண்ணில் ஊட்டம் குறைந்தாலும் இதுபோன்ற ஓர் ஆணை பிறக்கிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், போதாதபோது வேர்கள் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. இப்பொருள் மொட்டுகளை உறங்க வைக்கிறது என்பதை 2008-இல் ஜப்பானிலும் பிரான்சிலும் இரு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. அளவுக்கு மீறிப் புதராகத் தூர் விடும் குட்டை நெற்செடிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் சிலவற்றால் இப்பொருளை உண்டாக்க முடியவில்லை என்று தெரிந்தது. கடிவாளம் இல்லாத குதிரைபோல் அவை தூர் விட்டுக் கொண்டிருந்தன!

தோட்டத்திலும் இதே மொட்டுக் கதைதான். செடி முருங்கை முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விடுகிறார்களே, ஏன்? நுனிக் குருத்தில் உண்டாகும் ஆக்சின் கீழ்நோக்கி இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனால் அடக்குமுறையும் போகிறது. பக்கக் கிளைகள் எழுகின்றன. கிளை கூடினால் காயும் கூடுகிறது.

தண்ணீரில் நிற்கும் வேர்

நெல் நீர்த்தாவரம் அன்று. தண்ணீரைத் தாங்கிக் கொள்ளும் தாவரம். இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணின் இண்டு இடுக்குகளில் இருந்த காற்று வெளியேறுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைப் போலத் தண்ணீரில் பரவ முடியாது. ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். மற்றப் பயிர்களின் வேர் இங்கே மூச்சு முட்டி அழுகும். நெல்லுக்கோ இலையிலிருந்து வேர் வரை காற்றுக் குழாய்கள் உண்டு. மேலே கிடைத்த ஆக்சிஜனைக் கீழே இறக்கிக் கொள்கிறது. வேரைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரின் மேல் செம்பழுப்பு நிறப் பூச்சு இருந்தால், அது வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே ஆக்சிஜன் பஞ்சம் என்று பொருள்.

தண்ணீர் கட்டுவதால் நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. பல களைகள் முளைப்பதில்லை. மண்ணின் அமில கார நிலை நடுநிலைக்கு அருகில் வருகிறது. மணிச்சத்து எளிதாகக் கிடைக்கிறது. நம் முன்னோர் காரணமின்றித் தண்ணீர் கட்டவில்லை. ஆனால் எப்போதும் முழங்கால் அளவு நிறுத்த வேண்டும் என்பதில்லை. ஆழமான தண்ணீர் தூர் விடுவதைத் தடுக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் காற்றில் சேரும் மீத்தேனில் சுமார் 8 முதல் 10 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருகிறது. அது பூமியை வெப்பமாக்கும் வாயு.

இதற்கு ஒரு வழி காய்ச்சலும் பாய்ச்சலும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு மலிவான கருவியைப் பரப்பியது. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். அப்பாதியை வயலில் புதைத்து உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கியதும், மண்ணுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். மேற்பரப்பு காய்ந்து தெரிந்தாலும் வேருக்குத் தண்ணீர் இருக்கும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ந்தால் மணி பதராகும்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் நூறு கன மீட்டர். அதாவது ஒரு லட்சம் லிட்டர். ஐந்து சென்டிமீட்டர்ப் பாய்ச்சல் ஒன்று ஐந்து லட்சம் லிட்டர். ஒரு பருவத்தில் நான்கு பாய்ச்சல் மிச்சமானால் இருபது லட்சம் லிட்டர்! மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் அந்த நாள் தள்ளிப் போகும்போது கடைமடை உழவருக்கு இந்தக் கணக்கு வெறும் கணக்கு அன்று; விளைச்சலா, தரிசா என்னும் கேள்வி.

ஆனால் எல்லா வயலுக்கும் இது ஒத்துவராது. உப்பு மண்ணில் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். களை கூடும். காய்ந்தும் நனைந்தும் மாறி வரும் மண்ணில் தழைச்சத்து வாயுவாகி வீணாகவும் கூடும்.

களையும் உரமும்

காயவிட்ட வயலில் களை எழுமே, என்ன செய்வது? சதுரமாக வரிசை பிடித்து நட்டிருந்தால் உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டலாம். கருவி களையைச் சேற்றுக்குள் அமுக்குகிறது. அமுங்கிய களை மட்கி உரமாகிறது. சேறு கலங்கும்போது காற்று உள்ளே போகிறது. பழைய வேர் சில அறுந்து புது வேர் விடுகிறது. களையெடுப்பு, உரமிடல், மண் கிளறல் என ஒரே வேலையில் மூன்று பலன்.

தழைச்சத்தையும் ஒரே தடவையில் கொட்டக் கூடாது. செடி சிறிதாக இருக்கும்போது அதனால் உண்ண முடிவது கொஞ்சம்தான், மிச்சம் வீணாகும். தூர் பிடிக்கும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்து இட வேண்டும். இலையின் பச்சையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளுத்தால் மட்டும் யூரியா இடும் முறையும் உண்டு. வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெல்ல மெல்ல மாறுவதால் சத்து நின்று கிடைக்கும். இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதும் இவ்வாறு பூசப்பட வேண்டும் என்று 2015-இல் அரசு விதித்தது. தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரங்களை மடக்கி உழுதால் மண்ணின் உயிர்ச்சத்து கூடும்.

மடகாஸ்கரில் தொடங்கிய வாதம்

இளநாற்று, ஒற்றை நாற்று, அகன்ற இடைவெளி, சிக்கனத் தண்ணீர், களைக்கருவி ஆகிய இவற்றை ஒன்றாகச் சேர்த்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி டி லோலானி. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவில் உழவர்களோடு அவர் வேலை செய்தார். 1983-இல் காலம் போதாத நெருக்கடியில் பதினைந்து நாள் நாற்றையே நட வேண்டி வந்தது. பிழைக்குமோ என்று அஞ்சிய பயிர் மற்றவற்றைவிட மிகுதியாகத் தூர் வெடித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கியது. 2003-04-இல் தாமிரபரணி, காவிரிப் பகுதிகளில் உழவர் வயல்களிலேயே நடத்திய ஒப்பீட்டில் ஹெக்டேருக்குச் சுமார் ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. தமிழில் இதைத் திருந்திய நெல் சாகுபடி என்கிறோம்.

அறிவியல் உலகம் உடனே கை தட்டிவிடவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் இம்முறையை உலகெங்கும் பரப்பினார். அதே பல்கலைக்கழகத்தின் வேறு அறிஞர்களே 2006-இல் அதுவரை வெளிவந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, மடகாஸ்கருக்கு வெளியே, சிறந்த வழக்கமான சாகுபடியோடு ஒப்பிட்டால் விளைச்சல் கூடியதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். 2011-இல் பீகாரின் நாலந்தாவில் ஹெக்டேருக்கு 22.4 டன் விளைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, சீனாவின் நெல் அறிஞர் யுவான் லாங்பிங் அதை நம்ப மறுத்தார்.

யார் சொல்வது சரி? நாமே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 சென்டிமீட்டர்ச் சதுர நடவில் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து. குத்துக்கு 30 கதிர் என்றால் 480 கதிர். 20-க்கு 10 சென்டிமீட்டர் நெருக்க நடவில் 50 குத்து. குத்துக்கு 9 கதிர் என்றால் 450. பார்த்தீர்களா? தனிச்செடியில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. நிலப்பரப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட சமம். தனிச்செடி பெருத்துவிட்டது என்பதால் மட்டும் களத்தில் நெல் பெருகிவிடாது. இடம் கிடைத்தால் செடி பரவும். இடம் இல்லாவிட்டால் அடங்கும். ஒப்பிடும்போது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். முற்றிய நாற்றை நட்டு, களையை விட்டுவைத்த வயலோடு ஒப்பிட்டால் எந்தப் புதிய முறையும் வெல்லும். நன்றாகப் பராமரித்த வயலோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கிட்டத்தட்ட அதே விளைச்சல்தான் என்றாலும், ஹெக்டேருக்கு 40 கிலோ விதைக்குப் பதில் 7 அல்லது 8 கிலோ விதை போதும், தண்ணீரும் குறைவு. அது சிறு உழவருக்குப் பெரிய லாபம். அதே வேளையில், பூப்போன்ற இளநாற்றை ஒவ்வொன்றாக நடவும், தண்ணீரைக் கணக்காகக் கட்டவும், களைக்கருவி ஓட்டவும் பழகிய ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத ஊரில் உழவர் முழு முறையையும் ஏற்காமல், தமக்கு ஒத்துவரும் பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறார். அதுவும் அறிவுடைய செயல்தானே!

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள பன்னிரண்டு வாளிகளையோ தொட்டிகளையோ எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே வயலின் மண்ணைக் கலந்து சம அளவு நிரப்புங்கள். ஒரே ரக விதையைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை விதைத்து நாற்று வளருங்கள். முதலில் விதைத்ததற்கு இருபத்து நான்கு நாளும் பின்னால் விதைத்ததற்குப் பதினான்கு நாளும் ஆன அன்று நடுங்கள். நான்கு தொட்டிகளில் இளநாற்று ஒன்று. நான்கில் முதிர்ந்த நாற்று ஒன்று. நான்கில் முதிர்ந்த நாற்று நான்கு. எல்லாத் தொட்டிக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஒரே எரு. இடம் மாறுவதால் வரும் வேறுபாட்டைத் தவிர்க்க வாரம் ஒரு முறை தொட்டிகளை இடம் மாற்றி வையுங்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொட்டிக்கு எத்தனை தூர் என்று எண்ணி நோட்டில் எழுதி, வரைபடத் தாளில் கோடு வரையுங்கள். முதல் இரு தொகுதிகளை ஒப்பிட்டால் நாற்று வயதின் விளைவு தெரியும். பின் இரு தொகுதிகளை ஒப்பிட்டால் நெருக்கத்தின் விளைவு தெரியும். முதலாவதையும் மூன்றாவதையும் நேராக ஒப்பிடாதீர்கள். அங்கே இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒரு தொகுதிக்கு ஒரே தொட்டி போதாதா என்றால், போதாது. ஒரு செடியைப் பூச்சி அரித்துவிட்டால் உங்கள் முடிவே தவறிப் போகும்.

அறுவடையில் தூரை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். கதிர் வாங்காத தூர் எத்தனை என்றும் எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு தொட்டியின் நெல்லையும் உதிர்த்து, பதர் நீக்கி, எடை போடுங்கள். தூர் மிகுந்த தொட்டியில்தான் நெல்லும் மிகுதியா? அறிஞர்களே வாதாடிய கேள்வி அது. விடை உங்கள் தராசுத் தட்டில் இருக்கும்.